காரம் வேற, ருசி வேற: வீட்டுக்கு எந்த மிளகாய் வைக்கலாம்?



மாடித்தோட்டம் போடறவங்க என்கிட்ட அதிகமா கேக்கிற கேள்வி மிளகாயைப் பத்தினதுதான். "காரம் மிதமா இருக்கணும், ஆனா வாசனையும் ருசியும் நல்லா இருக்கணும், தொட்டியில வரணும். அப்படி ஒரு மிளகாய் சொல்லுங்க" என்பார்கள். கேள்வி சின்னதா இருந்தாலும் பதில் ஒரு வரியில அடங்காது. ஏன்னா எல்லாருக்கும் ஒரே மிளகாய் சரிப்படாது. உங்க வீட்டுல என்ன சமைக்கிறீங்க, யார் சாப்பிடறாங்க என்பதைப் பொறுத்துத்தான் ரகத்தைச் சொல்ல முடியும். அதனால எனக்குத் தெரிஞ்சதை முழுசா எழுதிடறேன்.

முதல்ல கடை மிளகாயைப் பத்திப் பேசிடுவோம். கடையில வாங்கற பச்சை மிளகாய் ஏன் இப்படி எரியுது, ஆனா வாசனையே இல்லையேன்னு பலருக்குச் சந்தேகம். காரணம் ரொம்ப சாதாரணம். அந்த மிளகாய் உங்க சட்டிக்காகப் பயிர் பண்ணினது இல்ல. மூட்டையில கட்டி லாரியில ஏத்தி, மண்டியில இறக்கி, மறுபடி சின்னக் கடைக்குப் போய், அங்க ரெண்டு நாள் கிடந்தும் வாடாம இருக்கணும்னு பயிர் பண்ணினது. அதுக்குத் தோல் கெட்டியா, காய் மெல்லிசா நீளமா, எல்லாம் ஒரே அளவா, பளபளன்னு இருக்கணும். அடுத்தது காரம். ஓட்டல்காரர் கணக்கு வேற. பத்து மிளகாய் போடற இடத்துல நாலு மிளகாய் போதும்னா அவருக்கு அது லாபம். எங்க பக்கம் கமிஷன் கடையில ஒருத்தர் காம்பு கிட்ட கிள்ளி நாக்குல வச்சுப் பார்ப்பார். சுருக்குன்னு ஏறினா, "அண்ணே, இது ஓடும்" என்பார். வாசனை எப்படின்னு அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவரைத் தப்பு சொல்ல முடியாது, அவர்கிட்ட வாங்கறவங்க அதைக் கேக்கறதில்லையே.

நானும் விற்பனைக்கு வீரிய ஒட்டு ரகம்தான் போடறேன். மகசூல் இருக்கு, நோயை ஓரளவு தாங்குது, விலை போகுது. காக்களூர் தொழிற்பேட்டையில வேலை செய்யற ஒடிசா, பீகார் தம்பிங்க சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு வந்து கால் கிலோ, அரைக் கிலோ வாங்கிட்டுப் போவாங்க. சாப்பாட்டோட பச்சையா கடிச்சுச் சாப்பிடறதுக்கு. அவங்களுக்குக் காரம் இருந்தாதான் பிடிக்கும். ஆனா எங்க வீட்டுச் சமையலுக்கு இந்த வயல் மிளகாய் வர்றதில்ல. அதுக்குக் கிணத்து மேட்டுல தனியா ஒரு வரிசை இருக்கு.

அந்த வரிசை வந்ததுக்குக் காரணம் எங்க அம்மா. எண்பது வயசைத் தாண்டினதும் அவங்களுக்கு வாய் எரிச்சல் ஆரம்பிச்சுது. குழம்பை ஒதுக்கிட்டு வெறும் தயிர் சாதம் சாப்பிட ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்ல அதுவும் குறைஞ்சுது. உடம்பு இளைச்சுப் போச்சு. என் வீட்டுக்காரம்மா மிளகாயே போடாம, மிளகு மட்டும் தட்டிப் போட்டு ரசம் வச்சுப் பார்த்தாங்க, சாம்பாரைச் சப்புன்னு வச்சுப் பார்த்தாங்க. அம்மா ரெண்டு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிடுவாங்க. ஒரு நாள் சொன்னாங்க: "ஏம்ப்பா, மிளகாயே வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? எரியாத மிளகாயா போடச் சொல்லு. மிளகாய் வாசனை இல்லாம எப்படி சாப்பாடு எறங்கும்?"

அவங்க சொன்னதுல ஒரு பெரிய விஷயம் இருக்கு. காரமும் ருசியும் வேற வேற.

காரம் என்பது நாக்கு அறியற சுவைகள்ல சேராது. அது ஒரு எரிச்சல் உணர்வு. சூடு பட்டா எந்த நரம்பு மூளைக்குச் சொல்லுதோ, அதே நரம்பைத்தான் மிளகாயில இருக்கிற கேப்சைசின் என்ற பொருளும் தூண்டி விடுது. அதனாலதான் மிளகாய் கடிச்சா வாய் 'சுடுது'ன்னு தோணுது. அமெரிக்காவுல டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி இந்தக் கேப்சைசினை வச்சுத்தான் நரம்பு சூட்டை எப்படி உணருதுன்னு கண்டுபிடிச்சார். 2021ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் இன்னொருத்தருக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க.

ருசி என்பது வேற இடத்துல இருந்து வருது. பச்சை மிளகாயைக் கிள்ளினா வர்ற பச்சை வாசனை, பழுத்த மிளகாயில இருக்கிற லேசான இனிப்பு, காய்ஞ்ச மிளகாயை எண்ணெயில போட்டதும் எழும்பற மணம், குழம்புக்கு ஏறற நிறம், இதெல்லாம் காரத்தோட சம்பந்தமில்லாத சரக்கு. இது தோல்லயும் சதையிலயும் இருக்கு. காரம் அதிகமா இருக்கிற இடம் காய்க்கு உள்ளே, விதை ஒட்டிக்கிட்டு இருக்கிற வெள்ளைத் தண்டு. விதையிலதான் காரம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. விதை அந்த வெள்ளைத் தண்டுல உரசிக்கிட்டே இருக்கிறதால அதுக்குக் காரம் ஒட்டுது, அவ்வளவுதான். அதனால உங்ககிட்ட காரமான மிளகாய்தான் இருக்குன்னா, நீட்டுவாக்குல கீறி அந்த வெள்ளைத் தண்டைச் சுரண்டி எடுத்துட்டுப் போடுங்க. பாதிச் சண்டை தீர்ந்துடும்.

காரத்தை அளக்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 1912ல வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்கர் கொண்டு வந்தது, அவர் பேராலேயே ஸ்கோவில் அளவுன்னு சொல்றாங்க. மிளகாய்ச் சாறை இனிப்புத் தண்ணியில கலந்து, காரம் தெரியாம போற வரைக்கும் எத்தனை மடங்கு நீர்க்க வைக்கணும்னு ஆட்களை ருசி பார்க்கச் சொல்லிக் கணக்குப் போட்டாங்க. இப்ப கருவியில அளக்கறாங்க. குடமிளகாய்க்குப் பூஜ்யம். காஷ்மீரி மிளகாய் சுமார் 1,000ல இருந்து 2,000. கர்நாடகா பியாடகி 8,000ல இருந்து 15,000 வரைக்கும் சொல்றாங்க. ஆந்திரா குண்டூர் சன்னம் 35,000க்கு மேல. நாகாலாந்து, அசாம் பக்கத்து நாகா மிளகாய் 10 லட்சத்தைத் தாண்டும். வீட்டுச் சமையலுக்கு மிதமான காரம்னா நீங்க பியாடகி அளவையும் அதுக்குக் கீழேயும் பார்த்தா போதும். ஆனா இந்த எண்ணை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. ஒரே விதை, ஒரே செடி, மேல் கிளைக் காய் ஒரு மாதிரியும் கீழ்க் கிளைக் காய் வேற மாதிரியும் இருக்கும்.

காரத்தைக் குறைச்சு ருசியைக் கூட்டணும்னு நினைச்சது நாம மட்டும் இல்ல. மிளகாயே அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் மூலமா 16ஆம் நூற்றாண்டுலதான் நம்ம நாட்டுக்கு வந்தது. அதுக்கு முன்னாடி நமக்கு இருந்த காரம் மிளகுதான், அந்தப் பேரையே இதுக்கும் வச்சு மிளகாய்னு ஆக்கிக்கிட்டோம். அது பொறந்த பக்கத்துலேயே, நியூ மெக்சிகோவுல ஃபாபியன் கார்சியா என்ற தோட்டக்கலை விஞ்ஞானி 1894ல இருந்து, சதை தடிப்பா, காரம் மட்டா இருக்கிற மிளகாயைத் தேர்ந்தெடுத்து உருவாக்கினார். காரத்துக்குப் பயந்தவங்களும் வாங்கிச் சாப்பிடணும் என்பதுதான் அவர் எண்ணம். அதே பல்கலைக்கழகத்துக்காரங்க 2004ல, கடுங்காரமான ஹபனேரோ மிளகாயோட பழ வாசனை அப்படியே இருக்க, காரம் மட்டும் ரொம்பக் குறைஞ்ச ஒரு ரகத்தை வெளியிட்டாங்க. வாசனையையும் காரத்தையும் பிரிக்க முடியும் என்பதுக்கு இதைவிடச் சாட்சி வேணாம்.

இப்ப நம்ம ரகங்களுக்கு வருவோம். எதுக்குப் போடப் போறீங்க என்பதை வச்சுப் பிரிச்சிருக்கேன்.

தாளிப்புக்கும் குழம்புக்கும்: குண்டு மிளகாய்

சென்னைக் கடைகள்ல நீட்டு மிளகாய், குண்டு மிளகாய்னு ரெண்டு கேட்டிருப்பீங்க. அந்தக் குண்டுதான் ராமநாதபுரம் பக்கத்துல முண்டு. முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி பக்கம் மழையை நம்பிப் போடற பயிர். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது. உருண்டையா, தடிச்ச தோலோட, காய்ஞ்சதும் அடர்ந்த சிவப்பா இருக்கும். குலுக்கினா உள்ளே விதை சலசலங்கும். எண்ணெயில முழுசா போட்டு உப்பி வரும்போது வர்ற மணம் இருக்கே, அதுக்காகவே ஒரு செடி வைக்கலாம். காரம் இருக்கும், ஆனா சுருக்குன்னு ஏறாது, நிதானமா வரும். முழுசா தாளிச்சுப் போட்டா குழம்புக்கு வாசனை இறங்கும், வேணாம்னா எடுத்து ஓரமா வச்சுக்கலாம். தொட்டியில நல்லா வரும், செடி அடக்கமா இருக்கும்.

நிறத்துக்கு: பியாடகி

கர்நாடகாவுல ஹாவேரி மாவட்டத்துல பியாடகின்னு ஒரு ஊர், அங்க இருந்து வந்த பேர். 2011ல புவிசார் குறியீடு வாங்கின மிளகாய். காய்ஞ்சா தோல் முழுக்கச் சுருக்கம் விழும். கட்டி, டப்பின்னு ரெண்டு வகை சொல்றாங்க. டப்பி கொஞ்சம் குட்டையா, பருமனா, காரம் இன்னும் கம்மியா இருக்கும். நிறம் ரத்தச் சிவப்பு. உதட்டுச் சாயத்துக்குக்கூட இதுல இருந்து நிறம் எடுக்கறாங்க. சாம்பார்ப் பொடிக்குப் பாதி குண்டு, பாதி பியாடகின்னு போட்டா நிறமும் வரும், வயித்துக்கும் நல்லது. காஷ்மீரியும் நிறத்துக்குப் பேர் போனதுதான், ஆனா அது குளிர்ப் பிரதேசத்துப் பயிர். நம்ம சித்திரை வெயில்ல அதை வச்சுக்கிட்டுப் போராடறதைவிட பியாடகி சுலபம்.

பச்சையா போட: ஜ்வாலா

டெல்லி பூசா நிறுவனம் வெளியிட்ட பழைய ரகம், பூசா ஜ்வாலான்னு விதைக் கடையில சுலபமா கிடைக்கும். வெளிர் பச்சை, மெல்லிசா, நுனி வளைஞ்சு, தோல்ல மடிப்பு மடிப்பா இருக்கும். இதுக்குக் காரம் உண்டு, ஒண்ணும் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பச்சை வாசனை அருமை. முத்த விடாம பிஞ்சா பறிக்கணும். காய் வளர வளரத்தான் காரம் ஏறும். பிஞ்சுல பறிச்சா பாதிக் காரம்தான், வாசனை முழுசா இருக்கும். உப்புமா, அவியல், மோர்க்குழம்புக்கு இதுதான் எங்க வீட்டுல.

காய்கறி மாதிரி சமைக்க: பஜ்ஜி மிளகாய், கோ 4

பஜ்ஜி மிளகாய் உங்களுக்கே தெரியும். பெரிசா, சதைப்பத்தா, காரம் லேசா. பஜ்ஜிக்கு மட்டும்னு நினைக்காதீங்க. நடுவுல கீறி கடலைமாவு அடைச்சு வதக்கலாம், புளி ஊத்திக் குழம்பு வைக்கலாம். இலங்கைத் தமிழர் இதுபோன்ற மிளகாயைக் கறிமிளகாய் என்றே சொல்வாங்க, பால்கறி வைப்பாங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோட கோ 4 என்ற ரகமும் இப்படிக் காய்கறியா சமைக்க ஏத்ததுதான். எங்க மாவட்டத்துல திரூர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. விதை வாங்கறதுக்கு முன்னாடி இந்த மாதிரி நிலையத்துல ஒரு வார்த்தை விசாரிச்சுக்கிட்டா நல்லது.

மோர் மிளகாய்க்கு

கேரளா மலப்புறம் மாவட்டத்துல எடையூர் மிளகாய்னு ஒண்ணு, 2021ல புவிசார் குறியீடு பெற்றது. காரம் ரொம்பக் கம்மி, தயிர்ல ஊறவச்சுக் காயவைக்கிற கொண்டாட்டத்துக்குன்னே பேர் போனது. விதை கிடைச்சா விடாதீங்க. கிடைக்கலைன்னா குண்டு மிளகாயைப் பச்சையா பறிச்சுச் செய்யலாம். காம்போட வச்சு, நுனியில ஒரு கீறல் போட்டு, உப்புப் போட்ட கெட்டி மோர்ல ராத்திரி ஊறணும், பகல்ல வெயில்ல காயணும். நாலஞ்சு நாள் இப்படிச் செஞ்சா மோர் முழுக்கக் காய்க்குள்ள போயிடும். கேப்சைசின் தண்ணியில கரையாது, அதனாலதான் காரத்துக்குத் தண்ணி குடிச்சா அடங்கறதில்ல. பால்லயும் தயிர்லயும் இருக்கிற கொழுப்பும் புரதமும் அதைப் பிடிச்சு இழுத்துக்கும். நம்ம பாட்டிங்க தயிர் சாதத்துக்கு மோர் மிளகாயைத் தொட்டுக்க வச்சது சும்மா இல்ல.

வீட்டுக்கு வேணாம்னு நான் சொல்றது காந்தாரி, ஊசி மிளகாய், குண்டூர் வகைகள். நல்ல மிளகாய்தான், ஆனா மிதமான காரம் தேடறவங்களுக்கு இல்ல.

வளர்க்கற விதம்

ரகம் சரியா இருந்தாலும் வளர்ப்புல காரம் கூடும் குறையும். செடியைத் தண்ணிக்குத் தவிக்க விட்டாலும், கடும் வெயில்ல காய்ச்சாலும் காரம் ஏற வாய்ப்பு அதிகம். மிதமா வேணும்னா சீரா தண்ணி கொடுங்க. தினமும் காலையில மண்ணைத் தொட்டுப் பாருங்க, மேல் மண் காய்ஞ்சிருந்தா ஊத்துங்க. ஆனா தேங்கக் கூடாது. மிளகாய் வேர் தண்ணியில நின்னா அழுகிடும்.

விதைக்க எனக்குப் பிடிச்ச காலம் ஆடி. நாத்து 35, 40 நாள்ல தயாராகும். ஆவணியில எடுத்து நட்டா, ஐப்பசி மழை வர்றதுக்குள்ள செடி வேர் பிடிச்சுடும். அடைமழை நாள்ல தொட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கோங்க. மார்கழி, தை, மாசியில காய்ப்பு அமோகமா இருக்கும். தையில விதைச்சாலும் வரும், ஆனா அக்னி நட்சத்திரத்துல பூ எடுக்கும். அந்தச் சூட்டுல பூ உதிரும். அப்ப பதறி உரத்தை அள்ளிக் கொட்டாதீங்க, ஒரு பச்சை நிழல்வலை கட்டினா போதும், சூடு தணிஞ்சதும் தானா பிடிக்கும்.

தொட்டி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஒரு தொட்டிக்கு ஒரு செடி. செம்மண் ரெண்டு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஆறு மணி நேரமாவது வெயில் படணும். எருவோ யூரியாவோ அதிகமானா செடி மட்டும் பச்சைப் பசேல்னு நிற்கும், காய் இருக்காது.

மிளகாய்க்குப் பெரிய எதிரி இலைச் சுருட்டு. இலைப்பேன் சாறு உறிஞ்சினா இலை மேல்பக்கமா சுருளும், சிலந்திப்பேன் என்றால் கீழ்ப்பக்கமா கவிழும். வெள்ளை ஈ வைரஸைப் பரப்பினாலும் சுருளும். வாரம் ஒரு தடவை இலையைத் திருப்பிப் பாருங்க. ஆரம்பத்துலயே வேப்பெண்ணெயை லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலத்துல இலையோட அடிப்பக்கம் நனையத் தெளிச்சா கட்டுப்படும். செடி முழுக்கக் குட்டை விழுந்து போச்சுன்னா பிடுங்கிப் போட்டுடுங்க, பக்கத்துச் செடியாவது பிழைக்கும். பழுத்த காயைக் கிளி கொத்தினா ஆச்சரியப்படாதீங்க. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் தெரியாது.

விதை விஷயம்

"பஜ்ஜி மிளகாய் பக்கத்துல காரமிளகாய் வச்சேன், பஜ்ஜி மிளகாய் காரமாயிடுச்சு" என்பார்கள். அந்த வருஷத்துக் காய் அப்படி மாறாது. காரம் இருக்கிற வெள்ளைத் தண்டு தாய்ச்செடியோட உடம்பு, மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் அதை மாத்தாது. ஆனா அந்தக் காய்க்குள்ள இருக்கிற விதையில ரெண்டு செடியோட குணமும் கலந்திருக்கும். அதை அடுத்த வருஷம் போட்டாதான் வித்தியாசம் தெரியும். தேனீ மிளகாய்ப் பூவுக்கு நல்லாவே வரும், கலப்பு சகஜம்.

அதனால விதைக்குன்னு வைக்கிற கிளையை, பூ விரியறதுக்கு முன்னாடியே பழைய வேட்டித் துணியில பை தைச்சு மூடிக் கட்டிடுங்க. தினமும் லேசா ஒரு தட்டு தட்டுங்க. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்துலயே காய் பிடிக்கும். பிஞ்சு விட்டதும் பையை எடுத்துட்டு, அந்தக் காயில ஒரு கலர் நூல் கட்டி அடையாளம் வைங்க. செடியிலயே நல்லா பழுக்கட்டும். பறிச்சு நிழல்ல காயவச்சு, விதையைச் சலிச்சு, அடுப்புச் சாம்பல் கலந்து கண்ணாடி பாட்டில்ல போட்டு மூடுங்க. மறு வருஷம் முளைக்கும். வீரிய ஒட்டு ரகத்துல இருந்து விதை எடுத்தா அதே குணம் வராது, அதுக்கு மெனக்கெட வேணாம்.

இந்த விதை விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. அம்மாவுக்குன்னு கிணத்து மேட்டுல போட்ட வரிசையில குண்டும் ஜ்வாலாவும் கடையில வாங்கின விதை. மூணாவது ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேர் கிடையாது. நாங்க வீட்டு மிளகாய்னு சொல்வோம். விரல் நீளம், காம்புப் பக்கம் பருமன், பழுத்தா கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. காரம் மட்டு. புளிக்குழம்புல போட்டா தெருமுனை வரைக்கும் வாசனை வரும். அம்மா கல்யாணமாகி வந்த காலத்துலயே இந்தப் பக்கத்து வீட்டுக் கொல்லைகள்ல இருந்ததாம். ஒரு வீட்டுல செடி பட்டுப்போனா பக்கத்து வீட்டுல ஒரு பிடி விதை வாங்கிப்பாங்க. யாரும் காசு கொடுத்ததில்ல.

இப்ப அந்தக் கொல்லைகள் இல்ல. தொழிற்பேட்டை வந்தது, பால் பண்ணை வந்தது, ரோடு அகலமாச்சு, வயல் எல்லாம் மனைப் பிரிவாச்சு. வேலை கிடைச்சுது, பிள்ளைங்க படிச்சாங்க, அதைக் குறை சொல்லவே மாட்டேன். என் தம்பி பையனும் அங்கதான் வேலை செய்யறான். ஆனா விதை கேட்டு வாங்கறதுக்குப் பக்கத்து வீட்டுல கொல்லை இல்ல. போன வருஷம் இலைச் சுருட்டு வந்து அந்த வரிசையில ரெண்டே செடிதான் மிஞ்சுச்சு. அம்மா கைத்தடி ஊனிக்கிட்டு வந்து நின்னு பார்த்தாங்க. "இதுவும் போச்சுன்னா எங்க போய்க் கேப்ப?" என்றாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. மறுநாளே ரெண்டு செடியிலயும் துணி கட்டினேன். இப்ப ஒரு சின்ன பாட்டில் நிறைய விதை இருக்கு. அம்மாவும் புளிக்குழம்பு ஊத்திச் சாப்பிடறாங்க, கொஞ்சமா, ஆனா கேட்டு வாங்கி.

இந்த மாதிரி பேரில்லாத, காரம் மட்டான, தோல் தடிச்ச மிளகாய் ஒவ்வொரு ஊர்லயும் ஒண்ணு இருந்திருக்கும். தோல் தடிப்பா இருந்தா மூட்டையில அழுகும், காரம் மட்டா இருந்தா மண்டியில விலை போகாது. அதனால என்னை மாதிரி விவசாயி அதை வயல்ல போட முடியாது. போட்டா நஷ்டம். ஆனா உங்க மாடிக்கு மண்டிக் கணக்கு கிடையாது. அழுகறதுக்குள்ள நீங்களே பறிச்சுச் சட்டியில போட்டுடுவீங்க. சந்தைக்கு லாயக்கில்லாத மிளகாய்க்கு உங்க தொட்டிதான் சரியான இடம். அடுத்த தடவை சொந்த ஊருக்குப் போகும்போது, பெரியம்மா, அத்தை வீட்டுக் கொல்லையில என்ன மிளகாய் இருக்குன்னு பாருங்க. பழுத்தது நாலு கேட்டு வாங்கிட்டு வாங்க. கடை விதையைவிட அது முக்கியம்.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஆறு தொட்டி போதும். ரெண்டுல குண்டு, ரெண்டுல ஜ்வாலா, ஒண்ணுல பஜ்ஜி மிளகாய். ஆறாவதுல உங்க ஊர் மிளகாய் எதுவோ அது. வயசானவங்க, குழந்தைங்க இருக்கிற வீடுன்னா ஜ்வாலாவுல ஒண்ணைக் குறைச்சு பியாடகி வைங்க. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி விதையைத் தேடி வச்சுக்கோங்க. காக்களூர் பக்கம் வர்றவங்க எங்க வீட்டு மிளகாய் விதையில பத்து எடுத்துட்டுப் போகலாம். காசு வேணாம். மறு வருஷம் அதுல இருந்து விதை எடுத்து இன்னும் ரெண்டு பேருக்குக் கொடுத்தீங்கன்னா போதும்.